சுமைப் படிவம்

படிவங்களைக் கண்டு குழந்தைவேலு பயந்ததே கிடையாது. ஈரோட்டுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருபத்தெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர். பத்திரத்தைக் கணினியே எழுதிக்கொள்ளும் காலம் வந்த பிறகும், எந்தக் கட்டத்தில் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. எழுபது லட்சத்துக்குக் கைமாறும் தோட்டத்தை நாற்பது என்று போடச் சொல்லும்போது அவர் குரல் தடுமாறியதில்லை. காகிதத்தில் இருப்பது ஒன்று, நடப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிற இடத்தில்தான் அவர் பிழைப்பு ஓடியது.

அதனால் கோயமுத்தூர் மருத்துவமனையில் அந்தப் படிவத்தை நீட்டியபோது, நோயாளியான மனைவியின் கைக்குப் போவதற்கு முன்பே அவர் வாங்கிக்கொண்டார். துளசிமணியும் அதை எதிர்பார்த்தவள் போலப் பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து அவரிடம் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் ரேஷன் அட்டை முதல் மகளின் கல்யாணப் பதிவு வரை எல்லாப் படிவங்களும் அவர் எழுத்தில்தான் இருந்தன.

டாக்டர் ரெபேக்கா மேசைமேல் ஒரு துண்டு வலையை விரித்து வைத்திருந்தார்.

"புத்துநோய்க்காக ஒரு பக்க மார்பை எடுத்தாச்சு. இப்ப உங்க வயித்துல இருந்தே தோலு, கொழுப்பு, கொஞ்சம் தசை எடுத்து அந்த இடத்துல மார்பு பண்ணப்போறோம். எடுத்த இடத்துல வயித்துச் சுவரு பலம் குறைஞ்சிரும். குடல் அந்தப் பக்கமாத்தான் தள்ளும். அதைத் தாங்கறதுக்கு இந்த வலை."

துளசிமணி வலையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். "கொசுவலையாட்ட இருக்குதுங்க. இனி வயித்துக்குள்ள கொசு வராது."

டாக்டர் சிரித்துவிட்டார். "பழைய வலைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி. சிலருக்குப் பலகை கட்டின மாதிரி விறைச்சுக்கிட்டு வலிக்கும். சிலருக்குத் தொய்ஞ்சு போயிரும். இது கத்துக்கற வலை. நாப்பது நாள் மெத்துனு இருக்கும். நீங்க மூச்சு விடறது, இருமறது, எந்திரிக்கறது எல்லாத்தையும் கவனிச்சுக்கும். நாப்பத்தோராம் நாள் ஒரு பட்டையைக் கட்டிச் சூடு குடுப்போம். உங்க வாழ்க்கைக்குத் தகுந்தபடி இறுகிக்கும். ஒரே தடவைதான். அப்புறம் மாத்த முடியாது."

"நாப்பது நாள் ஒண்ணும் தூக்கக் கூடாதுங்கறீங்க. அப்பறம் நான் என்ன தூக்குவேன்னு அதுக்கு எப்படித் தெரியுமுங்க?"

"அதுக்குத்தான் உங்க வீட்டுக்காரர் கையில இருக்கற படிவம். சுமைப் படிவம்னு சொல்லுவோம். உள்ளதை உள்ளபடி எழுதுங்க. எடையைக் கூட்டி எழுதினா வயிறு விறைச்சுப் போயிரும். குறைச்சு எழுதினா பிச்சுக்கும்."

குழந்தைவேலு எழுதிக்கொண்டே வந்தார். வயது நாற்பத்தொன்பது. வேலை, வீட்டு வேலை மட்டும். வீட்டில் படுத்த படுக்கையாக யாரேனும் உண்டா? அங்கே பேனா நின்றது.

அவருடைய அப்பா பழனியப்பன் பக்கவாதத்தில் விழுந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அறுபத்தெட்டு கிலோ. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை அவரைத் தூக்குவது துளசிமணி. அவர் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, முட்டியைக் கட்டிலில் ஊன்றி, "புடிச்சுக்கங்க மாமா" என்று சொல்லி ஒரே மூச்சில் எழுப்பிவிடுவாள். கீமோ ஏற்றிக்கொண்டு வந்த நாட்களிலும் அவள்தான்.

இதை எழுதினால் டாக்டர் படிப்பார். படித்துவிட்டு நிமிர்ந்து அவரைப் பார்ப்பார். குழந்தைவேலுவின் முதுகுக்கு என்ன கேடு என்று அந்தப் பார்வை கேட்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான். வேறெந்தக் காரணமும் இல்லை.

'உண்டு. பராமரிப்புக்குத் தனியே ஆள் அமர்த்தப்பட்டுள்ளது' என்று எழுதினார். தினமும் தூக்கும் அதிகபட்ச எடை என்ற கட்டத்தில், ஐந்து கிலோ.

துளசிமணி கையெழுத்துப் போடுமுன் படித்தாள். படித்துவிட்டு அவர் காதருகே கேட்டாள். "ஆளு எப்பங்க வெச்சீங்க?"

"வெச்சுக்கலாம் புள்ள. போடு."

அவள் போட்டாள். டாக்டர் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆள் வெச்சிருக்கீங்களா, ரொம்ப நல்லது. இந்த அளவுக்கு யோசிக்கற வீட்டுக்காரங்க கம்மி சார்" என்றார். குழந்தைவேலு கும்பிட்டார்.

பொய் சொல்லத்தான் எழுதினார் என்று சொல்லிவிட முடியாது. ஆள் வைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். நாற்பது நாளும் அப்பாவைக் காங்கேயத்தில் அக்கா வீட்டில் விட்டார். நாற்பத்தோராம் நாள் துளசிமணியின் வயிற்றில் பட்டையைக் கட்டிச் சூடு கொடுத்தார்கள். இட்லிச் சட்டியை மடியில் வைத்த மாதிரி இருந்ததாகச் சொன்னாள். நாற்பத்தைந்தாம் நாள் அக்கா அப்பாவைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "எனக்கும் மருமக வந்துட்டாடா, அவ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறா" என்று காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பினாள்.

ஆளும் வந்தான். பழனியப்பன் அவன் கையைக் கடித்தார். பக்கவாதம் பேச்சை முக்கால்வாசி கொண்டுபோயிருந்தாலும், "வேத்தாளு... தொடாத" என்பது தெருவுக்கே கேட்டது. நான்காம் நாள் அந்த ஆள் சொல்லாமல் நின்றுவிட்டான். அப்புறம் ஒரு வாரம் குழந்தைவேலுவே தூக்கினார். காலையில் தூக்கிவிட்டு ஒன்பதரைக்கு அலுவலகத்தில் நிமிர முடியாமல் உட்கார்ந்திருப்பார். பத்திரதாரர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். எட்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது, அப்பா குளித்து, நெற்றியில் திருநீறோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

யார் தூக்கினார்கள் என்று அவர் கேட்கவில்லை. சோறு சூடாக இருந்தது. சாப்பிட்டார்.

அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைத்தான் பிற்பாடு அவரால் ஜீரணிக்க முடியவில்லை. கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தைதான். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும்.

ஐந்தாம் மாதம் தொப்புளுக்குக் கீழே வலது பக்கம் ஒரு புடைப்பு தெரிந்தது. முதலில் எலுமிச்சை அளவு, பிறகு மாங்காய் அளவு. துளசிமணி சேலையை ஏற்றிக் கட்டினாள். குளித்துவிட்டு வரும்போது ஒருநாள் அவர் கண்ணில் பட்டது. அவர் செய்தித்தாளைப் புரட்டினார்.

"கேஸா இருக்கும். சோம்பு போட்டுத் தண்ணி குடி."

"செரிங்க."

ஒரு புதுமனை புகுவிழாவில் உறவுக்காரி ஒருத்தி பந்தியிலேயே சத்தமாகக் கேட்டாள். "ஏனக்கா, பேத்திக்கு முந்தி நீயே பெத்துக் குடுத்தர்றயா? எத்தன மாசம்?"

இலை வரிசை முழுவதும் சிரித்தது. துளசிமணியும் சிரித்தாள். "அஞ்சு. ஆம்பளப் பையன்தான், ஒதைக்கறதப் பாத்தா தெரியுது" என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு, இடது கையால் முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். எதிர் வரிசையில் குழந்தைவேலு பாயசத்தில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார்.

எட்டாம் மாதப் பரிசோதனைக்குப் போனார்கள். உள்ளங்கை அகலக் கருவி ஒன்றை வயிற்றின்மேல் வைத்து வலை சேர்த்து வைத்திருந்ததைப் படித்தவர் இக்பால் என்ற இளம் தொழில்நுட்பர். படித்தார், கருவியைத் தட்டினார், மறுபடி படித்தார்.

"மேடம், இதைப் பாருங்க. படிவத்துல அஞ்சு கிலோ, வீட்டு வேலை மட்டும். அதுக்கு மென்பொருள் சொன்ன பத்து கிலோவுக்குத்தான் இறுக்கியிருக்கோம். இங்க தினமும் ஆறு தடவை, ஏழு தடவை அறுபதுக்கு மேல போயிருக்கு. ஆறு மாசமா." துளசிமணியைப் பார்த்தார். "அம்மா, யாரைத் தூக்கறீங்க?"

டாக்டர் ரெபேக்கா படிவத்தைத் திறந்தார். ஆள் அமர்த்தப்பட்டுள்ளது. ஐந்து கிலோ. அவர் முகம் இறுகியது.

"இவ்வளவு சொல்லியும் இப்படியாம்மா? வலை ஓரத்துல கிழிஞ்சிருக்கு. அதுக்குள்ள குடல் எட்டிப் பாக்குது. ஆள் வெச்சுக் குடுத்திருக்காரு உங்க வீட்டுக்காரரு. அப்புறம் உங்களுக்கு என்ன பிடிவாதம்?"

அறையில் நான்கு பேர் இருந்தார்கள். அதில் இரண்டு பேருக்கு உண்மை தெரியும். குழந்தைவேலு வாயைத் திறந்தார். திறந்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குள் துளசிமணி பேசிவிட்டாள்.

"எம்மேலதானுங்க தப்பு. ஆளு செய்யறது எனக்குப் பிடிக்கலைங்க. நான்தான் சொன்னதக் கேக்காமத் தூக்கிட்டேன்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

டாக்டர் கோப்பில் எழுதினார்: நோயாளி ஒத்துழைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மறு அறுவைக்குத் தேதி கொடுத்தார். கிழிந்ததை எடுத்துவிட்டுப் புது வலை. புது வலைக்குப் புதுப் படிவம்.

வெளியே கூடத்தில் அமர்ந்தபோது துளசிமணி மூக்குக்கண்ணாடியை நீட்டினாள். "இந்தத் தடவ உள்ளத எழுதிருங்க."

"அப்ப அதென்ன, இப்ப இதென்னன்னு கேப்பாங்க புள்ள."

குழந்தைவேலு வெகு நேரம் யோசித்தார். விற்பவன் ஒன்று சொல்லி, வாங்குகிறவன் ஒன்று சொல்லி, இழுபறியில் நிற்கும்போது அவர் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். நடுவில் ஓர் எண்ணைப் போட்டார். இருபது கிலோ. துளசிமணி அதைப் பார்த்தாள், கையெழுத்துப் போட்டாள்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "டாக்டர்கிட்டப் போயி எதையாச்சும் சொல்லிக்கிட்டு நிக்காதீங்க. உங்களுக்குச் சங்கட்டமாப் போயிரும்" என்றாள். அவள் அதைப் பரிவாகத்தான் சொன்னாள். அவரை அவளுக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது.

அறுவைக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒரு திங்கட்கிழமை, முகூர்த்த நாள், பதிவுக்கு முப்பது பேர் நின்றார்கள். பதினொன்றரைக்குத் துளசிமணி கூப்பிட்டாள். அவர் அழைப்பைத் துண்டித்தார். பன்னிரண்டுக்கு ஒரு தடவை. அதையும் துண்டித்தார். மூன்று மணிக்கு வீட்டுக்குப் போனபோது அவள் அப்பாவின் கட்டில் காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வாளி நிறைய வாந்தி. புடைப்பு கல்லாக இறுகி நிறம் மாறியிருந்தது. பழனியப்பன் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் நடுவே பாதி உடம்பு தொங்க, அவள் முந்தானையை இறுகப் பிடித்திருந்தார். அவளைத் தூக்க முயன்றிருப்பார் போலிருக்கிறது.

கிழிசலில் சிக்கிய குடல் அழுகிவிட்டது என்றார்கள். வயிற்றைத் திறந்தார்கள், வெட்டினார்கள். விஷம் ரத்தத்தில் கலந்திருந்தது. புதன்கிழமை காலை துளசிமணி போய்விட்டாள். புற்றுநோய் அவளிடம் தோற்றுப் போயிருந்தது என்று டாக்டர் சொன்னார். உடம்பில் ஒரு செல்கூட மிச்சமில்லையாம்.

மகள் சங்கவி ஓசூரிலிருந்து வந்து பதினாறு நாள் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம், "அம்மா யாரு சொன்னாலும் கேக்க மாட்டாங்க. அப்பா ஆளு வெச்சுக் குடுத்துங்கூட" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ஆஸ்பத்திரியில் அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். குழந்தைவேலு ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். துக்கத்தில் பேச்சற்றுப் போனார் என்று ஊர் சொன்னது.

ஒரு மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. கோப்பை மூடுவதற்குக் குடும்பத்தார் சம்மதம் வேண்டும். காரணம்: நோயாளி ஒத்துழைக்கவில்லை. கீழே இரண்டு கட்டங்கள். ஒப்புக்கொள்கிறேன், மறுக்கிறேன். தொட்டால் போதும். மறுப்பதானால் முதல் படிவத்தை எழுதியவர் வாக்குமூலம் தர வேண்டும், அதன் பிரதி நெருங்கிய உறவினர் எல்லாருக்கும் அனுப்பப்படும் என்று சிறிய எழுத்தில் இருந்தது. நெருங்கிய உறவினர் என்றால் சங்கவிதான்.

மூன்று நாள் அவர் அந்தத் திரையைத் திறந்து திறந்து மூடினார். நான்காம் நாள் காலை அப்பாவைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, வலி தணியும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது அன்றைக்கு இரண்டாவது தடவை. இன்னும் நான்கு இருந்தது. அப்படியே மேசைக்குப் போய் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

பத்திர நடைதான் கைக்கு வந்தது. 'என் சுய நினைவோடும், பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதிக் கொடுப்பது யாதெனில்.' அந்த வரியை ஆயிரக்கணக்கானவர்களுக்கு எழுதியிருக்கிறார். தன் பெயரை அதற்குக் கீழே எழுதியது இதுதான் முதல் தடவை. ஆள் இல்லை என்று எழுதினார். என் தகப்பனாரைத் தூக்கியது என் மனைவி என்று எழுதினார். தெரிந்தே ஐந்து என்று எழுதினேன், கிழிந்தது தெரிந்த பிறகும் இருபது என்று எழுதினேன், அவள் பழியை ஏற்றபோது பக்கத்தில் இருந்தேன். தாளைப் படமெடுத்துச் சேர்த்து, மறுக்கிறேன் என்ற கட்டத்தைத் தொட்டார்.

பிரதி கிடைத்த சங்கவி அன்று சாயங்காலமே கூப்பிட்டாள்.

"தாத்தாவ இப்ப யாரு தூக்கறாங்க?"

"நாந்தான் சாமி."

"முதுகு?"

"வலிக்குது."

"வலிக்கட்டும்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டாள்.

மறு வாரம் டாக்டர் ரெபேக்கா அவரை வரச் சொன்னார். எந்தப் பார்வைக்குப் பயந்து அவர் முதலில் எழுதினாரோ, அந்தப் பார்வைக்காகத் தயாராகப் போனார். டாக்டரோ அவரைப் பார்க்கவே இல்லை. வாக்குமூலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு கேள்வி கேட்டிருக்கணும். அவங்க சொன்னதும் திட்டத்தான் தோணுச்சு, கேக்கத் தோணலை" என்றார். பிறகு, "உங்களுக்கு ஒண்ணு தெரியணும். 'வீட்டு வேலை மட்டும்'னு எழுதறவங்களுக்கு வலை எவ்வளவு இறுகணும்னு நாங்க முடிவு பண்றதில்லை. இதுக்கு முன்னாடி வலை வெச்சவங்களோட அனுபவத்தையெல்லாம் சேத்து மென்பொருள் முடிவு பண்ணும். ஆனா 'ஒத்துழைக்கவில்லை'ன்னு போட்ட கோப்பை அது சேக்காது. ஆள் பண்ணின தப்பு, வலையோட தப்பில்லைன்னு ஒதுக்கிரும். உங்க மனைவி ஆறு மாசம் தூக்கினது எதுவும் கணக்குல இல்லை."

"இப்ப?"

"இப்பச் சேருது. இக்பால், காட்டுங்க."

இக்பால் திரையைத் திருப்பிக் காட்டினார். "பத்து கிலோவா இருந்துச்சுங்க. அம்மாவோடது சேந்ததும் பத்து கிலோ நாப்பது கிராம்."

"நாப்பது கிராமா?"

"ஒருத்தரோடதுதானுங்களே."

"ஒதுக்கி வெச்ச கோப்பு மொத்தம் எத்தனைங்க இருக்கும்?"

டாக்டர் இக்பாலைப் பார்த்தார். இக்பால்தான் சொன்னார். "எங்க ஆஸ்பத்திரியில மட்டும் முன்னூத்திப் பதினாறு. எல்லாத்துலயும் கிழிசல். எல்லாத்துலயும் அஞ்சு கிலோ, எட்டு கிலோன்னுதான் எழுதியிருக்கு. கோப்பை மூடச் சம்மதம் கேட்டோம். எல்லாரும் ஒப்புக்கொள்கிறேன்னு தொட்டிருக்காங்க. மறுப்புன்னு வந்தது உங்களோடது ஒண்ணுதான்."

இருபத்தெட்டு வருஷத் தொழில் குழந்தைவேலுவிடம் மிச்சம் வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை நீட்டினார்.

"அந்த வீட்டுக்காரங்களுக்கு இதையெல்லாம் எப்படி எழுதறதுன்னு தெரியாம இருக்குமுங்க. பாசை வராது, சட்டம் தெரியாது. எழுதத் தெரியாதவங்க யாரா இருந்தாலும் எங்கிட்ட அனுப்புங்க. நான் சும்மாவே எழுதித் தர்றேன்."

டாக்டர் ரெபேக்கா அப்போதுதான் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அவர் இத்தனை நாள் பயந்த பார்வை அதில் இல்லை. களைப்புதான் இருந்தது.

"எழுதத் தெரியாதவங்க யாருமில்லைங்க" என்றார். "எல்லாப் படிவமும் வீட்டுக்காரங்களோட அழகான கையெழுத்து."